எந்த டயர் லாபம்?

மான்குர்த் சாலையில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். குப்பை லாரி தேவ்னார் பக்கம் திரும்பும். மண் ஏற்றிய டிப்பர் வாஷி பாலத்தை நோக்கி ஓடும். நடுவில் ஒரு ஜேசிபி ஊர்ந்து வரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஜேசிபி டிரைவர் கண்டுகொள்ள மாட்டார்.

இந்த வண்டிகள் இல்லாமல் இந்த ஊர் இல்லை. காட்கோபர் - மான்குர்த் இணைப்புச் சாலையில் மேம்பாலம் 2021ல் திறந்தது. மண்டாலாவில் மெட்ரோ ரயிலுக்கு டிப்போ கட்டினார்கள். பள்ளம் தோண்டியது யார்? மண் அள்ளியது யார்? இந்த வண்டிகள்தான். அவற்றை ஓட்டுகிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. சிலர் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஜேசிபியின் பின் டயர் போய்விட்டது. டயர் கடைக்குப் போகிறார். கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டி வந்து காட்டுகிறார். இரண்டும் கறுப்பு. இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் விலை 20,000 ரூபாய். மற்றதன் விலை 32,000 ரூபாய்.

"ரெண்டும் ஒரே சைஸ்தானே அண்ணே? விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

"இது பெரிய கம்பெனி, தம்பி. அது சின்ன கம்பெனி."

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை. எதை வாங்குவது என்று அவர் சொல்லவில்லை. அதை யார் சொல்வார்? கழற்றிப் போட்ட பழைய டயர் சொல்லும். எப்படி என்று பார்ப்போம்.

(இங்கே சொல்லும் விலைகள் கணக்குப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்டவை. கடை விலை வேறாக இருக்கும். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.)

டயருக்குள் என்ன இருக்கிறது?

பாரத்தைத் தாங்குவது டயர் என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது காற்று. டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. அவ்வளவுதான்.

ரப்பர் மட்டும் இருந்தால் அந்தப் பை உப்பி வெடித்துவிடும். அதனால் ரப்பருக்குள் நூல் வைக்கிறார்கள். நைலான் நூல், அல்லது எஃகுக் கம்பி. சக்கரத்தின் ரிம்மைப் பிடிக்கும் இடத்தில் தடித்த கம்பி வளையம் இருக்கும். தரையைத் தொடும் இடத்தில் கனமான ரப்பர் இருக்கும். அதில் மேடும் பள்ளமுமாக அச்சு இருக்கும். இதைத்தான் நம் டிரைவர்கள் 'பட்டன்' என்கிறார்கள். பட்டன் தேய்ந்தால் 'மொட்டை டயர்'.

மரத்தில் வடியும் ரப்பர் பால் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும். இதை 1839ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். 1880களில் ஜான் டன்லப் என்பவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று அடைத்த டயர் செய்தார். அவர் ஒரு கால்நடை மருத்துவர். மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்தவர் உலகத்தையே காற்றில் ஓட வைத்துவிட்டார்!

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. சென்னை திருவொற்றியூரில் 1946ல் ஒரு சிறு பலூன் பட்டறை தொடங்கியது. குழந்தைகள் விளையாடும் பலூன்தான். 1952ல் அவர்கள் பழைய டயருக்கு ஒட்டும் பட்டன் ரப்பர் செய்தார்கள். 1960களில் டயரே செய்யத் தொடங்கினார்கள். அதுதான் எம்.ஆர்.எஃப். கம்பெனி.

விலை எங்கே கூடுகிறது?

ரப்பரில் கூடுகிறது. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், கந்தகம் எல்லாம் சேர்த்துப் பிசைவார்கள். எது எவ்வளவு என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ரகசியம். வீட்டுக்கு வீடு குழம்புப் பொடி மாறுவதுபோல. ஒரு கலவை சீக்கிரம் தேயாது. ஒரு கலவை கல்லில் கீறாது. ஒரு கலவை சூடு தாங்கும். மூன்றும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று கொஞ்சம் குறையும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நூலில் கூடுகிறது. எத்தனை அடுக்கு, என்ன நூல் என்பதைப் பொறுத்து விலை மாறும். சோதனையிலும் கூடுகிறது. பெரிய கம்பெனி டயரை ஓட்டிப் பார்த்து, வெட்டிப் பார்த்துத்தான் விற்கும். 100 டயர் வாங்கினால் 100ம் ஒரே மாதிரி இருக்கும். மலிவு டயரில் ஒன்று நன்றாக உழைக்கும், அடுத்தது சீக்கிரம் படுத்துவிடும். விளம்பரச் செலவும் விலையில் சேரும். அதுவும் நம் தலையில்தான்.

பேரை மட்டும் பார்த்து விலையை எடை போட முடியாது. மும்பையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் பி.கே.டி. கம்பெனியைப் பாருங்கள். டிராக்டர் டயர், மண் வாரும் வண்டி டயர் என்று உலகம் முழுவதும் விற்கிறது. வெளிநாட்டுப் பெரிய கம்பெனி டயரைவிட இது விலை குறைவு என்று அங்கே வாங்குகிறார்கள். ஒரு நாட்டில் மலிவு என்று சொல்லும் டயர், இன்னொரு நாட்டில் நல்ல விலை டயர்!

மலிவு டயர் வேறு, மோசடி டயர் வேறு. தேய்ந்த டயரில் கத்தியால் புதுப் பள்ளம் வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். பள்ளத்தின் அடியில் நூல் தெரிகிறதா, விரலால் தடவிப் பாருங்கள். அந்த டயரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டயரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணும் இருக்கும். பெரும்பாலும் ஆங்கில எழுத்து. பயப்பட வேண்டாம். சில எண்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

பல ஜேசிபி வண்டிகளின் பின் டயரில் 16.9-28 என்று இருக்கும். 16.9 என்பது டயரின் அகலம். 28 என்பது ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு. நடுவில் சிறு கோடு இருந்தால் அது நைலான் டயர். கோட்டுக்குப் பதிலாக 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர்.

நைலான் டயரில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று போகும். பக்கச் சுவர் தடிப்பாக இருக்கும். ரேடியல் டயரில் நூல் நேராகப் போகும். பட்டனுக்குக் கீழே எஃகுப் பட்டை இருக்கும். ரேடியல் டயர் சாலையில் அதிகம் சூடாகாது. நெடுநாள் உழைக்கும். டீசலும் கொஞ்சம் மிச்சம். ஆனால் அதன் பக்கச் சுவர் மெல்லியது. பக்கத்தில் ஒரு கம்பி குத்தினால் கதை முடிந்தது.

அடுத்து ஒரு எண்ணும் 'பி.ஆர்.' என்ற எழுத்தும் இருக்கும். 12 பி.ஆர்., 16 பி.ஆர். என்று. இது டயரின் பலம். எண் கூடினால் பாரம் தாங்கும் சக்தியும் கூடும். 16 என்றால் உள்ளே 16 அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பழைய காலத்தில் அப்படி இருந்தது. இன்று அது பலத்தைக் காட்டும் எண் மட்டும்தான். மலிவு டயர் வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று பார்த்தால், பி.ஆர். எண்ணும் குறைவாக இருக்கும்! அளவு ஒன்று, பலம் வேறு. அப்படியானால் அது மலிவு இல்லை. பாதிப் பொருளைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள்.

இன்னும் ஒரு எண் உண்டு. நான்கு இலக்கம். சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2324 என்று இருந்தால் என்ன பொருள்? முதல் இரண்டு இலக்கம் வாரம். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. 2024ம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். ரப்பர் சும்மா இருந்தாலும் முதுமை அடையும். வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். பல ஆண்டு கடையில் கிடந்த டயரைப் புது டயர் விலைக்கு வாங்காதீர்கள்.

லாரி டயராக இருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாலையில் ஓடும் வண்டிகளின் டயருக்கு இது வேண்டும் என்று மத்திய அரசு 2009ல் ஆணை போட்டது.

ஒரு மணிக்கு எவ்வளவு?

காய்கறியைக் கிலோ விலை பார்த்து வாங்குகிறோம். துணியை மீட்டர் விலை பார்த்து வாங்குகிறோம். டயரை மட்டும் ஒரு டயர் என்ன விலை என்று கேட்கிறோம். ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று கேட்க வேண்டும்.

ஜேசிபியில் மணி காட்டும் மீட்டர் இருக்கிறது. இன்ஜின் எத்தனை மணி ஓடியது என்று அது சொல்லும். புது டயர் மாட்டிய அன்று அந்த எண்ணை எழுதி வையுங்கள். டயரைக் கழற்றும் அன்று மறுபடி எழுதுங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். டயர் உழைத்த மணி தெரிந்துவிடும். டயர் விலையை அந்த மணியால் வகுங்கள். டிப்பர் லாரி என்றால் மணிக்குப் பதில் கிலோமீட்டர்.

மலிவு டயர் 20,000 ரூபாய். அது 2,000 மணி உழைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 10 ரூபாய். விலை கூடிய டயர் 32,000 ரூபாய். அது 4,000 மணி உழைத்தது. ஒரு மணிக்கு 8 ரூபாய். இப்போது எது மலிவு? 32,000 ரூபாய் டயர்தான் மலிவு!

உடனே முடிவு செய்துவிடாதீர்கள். அதே இரண்டு டயர்களும் தேவ்னார் குப்பை மேட்டில் ஓடுகின்றன. 800வது மணியில் ஓர் இரும்புக் கம்பி பக்கச் சுவரைக் கிழித்துவிடுகிறது. கம்பிக்குக் கம்பெனி பெயர் தெரியாது. மலிவு டயருக்கு ஒரு மணிக்கு 25 ரூபாய் ஆயிற்று. விலை கூடிய டயருக்கு 40 ரூபாய் ஆயிற்று. இப்போது 20,000 ரூபாய் டயர்தான் மலிவு.

பாருங்கள், அதே டயர்கள்தான். தரை மாறியது. லாபம் நஷ்டமாக மாறிவிட்டது.

பழைய டயர் எப்படிச் செத்தது?

ஒருவர் இறந்தால் என்ன நோய் என்று கேட்கிறோம். டயருக்கும் அப்படிக் கேட்க வேண்டும். கழற்றிய டயரைப் பழைய சாமான் கடையில் போடுவதற்கு முன்னால் படுக்க வைத்துப் பாருங்கள்.

பட்டன் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறதா? வேறு காயம் இல்லையா? அப்படியானால் அது ஆயுள் முடிந்து செத்தது. சாலையில் அதிகம் ஓடும் டிப்பருக்கு இப்படி நடக்கும். சயான் - பன்வேல் நெடுஞ்சாலையில் தினமும் போய் வரும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீண்ட நாள் உழைக்கும் டயர், விலை கூடினாலும் லாபம்.

பட்டன் பாதிகூடத் தேயவில்லை. ஆனால் பக்கம் கிழிந்திருக்கிறது. அல்லது பட்டனில் கத்தி வெட்டுப் போலக் கீறல்கள். இது விபத்துச் சாவு. குப்பை மேடு, கட்டடம் இடித்த இடம், மண்டாலாவின் பழைய இரும்புக் குடோன்கள், கல் குவாரி - இங்கே ஓடும் டயர்கள் இப்படித்தான் போகின்றன.

தேவ்னார் மேட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1927ல் இங்கே குப்பை கொட்டத் தொடங்கினார்கள். சுமார் 130 ஹெக்டேர் நிலம். பல மாடி உயரத்துக்குக் குப்பை. 2016 ஜனவரியில் அது தீப்பிடித்து எரிந்தபோது புகை நகரத்தை மூடியது. அதை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். இந்தக் குப்பையில் என்னதான் இல்லை? உடைந்த கண்ணாடி, கட்டடக் கம்பி, ஆணி அடித்த பலகை, சுருண்ட வயர். மழைக்காலத்தில் எல்லாம் சேற்றில் மறைந்துவிடும். டிரைவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் இப்படிப்பட்ட இடத்தில் பெரிய வேலைக்குச் செயின் வண்டியை இறக்குகிறார்கள். செயினுக்குப் பஞ்சர் இல்லை. ஆனால் லாரிக்கும் ஜேசிபிக்கும் டயர்தானே இருக்கிறது?

இந்த இடத்துக்கு எந்த டயர்? நெடுநாள் தேயாத டயருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அது தேயும்வரை உயிரோடு இருக்கப் போவதில்லை. பக்கச் சுவர் தடித்த நைலான் டயர் வாங்குங்கள். பி.ஆர். எண் கூடியதாகப் பாருங்கள். 'வெட்டுத் தாங்கும் ரப்பர் இருக்கிறதா?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நடுத்தர விலையிலேயே இது கிடைக்கும்.

பெரிய லோடர் வண்டிகளின் டயரில் 'எல்' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எல்-3 என்றால் பட்டன் சாதாரண உயரம். எல்-4 என்றால் அதுபோல் ஒன்றரை மடங்கு. எல்-5 என்றால் இரண்டரை மடங்கு. பாறையிலும் பழைய இரும்பிலும் ஓடும் லோடருக்கு எல்-5 போடுவார்கள். ரப்பர் அதிகம் என்பதால் சூடும் அதிகம். அதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகமாகப் போக முடியாது.

காற்றே இல்லாத கெட்டி டயரும் இருக்கிறது. முழுவதும் ரப்பர். பஞ்சர் என்ற பேச்சே இல்லை. ஆனால் விலை மிக அதிகம், எடையும் அதிகம். வண்டி குலுங்கும், டிரைவரின் இடுப்பு வலிக்கும். ஒரே குடோனுக்குள் நாள் முழுவதும் சுற்றும் வண்டிக்கு அது சரி. இன்று செம்பூர், நாளை பன்வேல் என்று வாடகைக்கு ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

வேறு விதமான சாவுகளும் உண்டு. டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் இருக்கிறதா? காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருக்கிறதா? காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? சக்கரம் கோணலாக ஓடுகிறது. பக்கத்தில் பந்துபோல் வீங்கியிருக்கிறதா? உள்ளே அடுக்குப் பிரிந்துவிட்டது. காற்றும் கோணலும் காரணம் என்றால், எந்த விலையில் டயர் வாங்கினாலும் அதே கதிதான். முதலில் வண்டியைச் சரி செய்யுங்கள். பிறகு டயர் கடைக்குப் போங்கள்.

கையில் பணம் இல்லையே!

கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் பணம் இருக்க வேண்டுமே? வண்டித் தவணை 5ம் தேதி வந்துவிடும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கும். இந்த நிலையில் நல்ல டயர் வாங்கு என்று சொல்வது எளிது.

சிலர் கூடுதல் பணத்தை வட்டிக்கு வாங்குகிறார்கள். அதையும் கணக்குப் பார்ப்போம். உங்கள் வண்டி நல்ல தரையில் ஓடுகிறது. இரண்டு பின் டயர் வேண்டும். மலிவு டயருக்கு 40,000 ரூபாய், நல்ல டயருக்கு 64,000 ரூபாய். கூடுதல் 24,000 ரூபாயை நூற்றுக்கு 5 வட்டிக்கு வாங்குகிறீர்கள். மாத வட்டி 1,200 ரூபாய்.

வண்டி மாதம் 200 மணி ஓடுகிறது. நல்ல டயர் 4,000 மணி உழைக்கும். அதாவது 20 மாதம். அதற்குள் மலிவு டயரை இரண்டு முறை வாங்கியிருப்பீர்கள். 80,000 ரூபாய். நல்ல டயரால் மிச்சம் 16,000 ரூபாய். கடனை 10 மாதத்தில் அடைத்தால் வட்டி 12,000 ரூபாய். மிச்சம் 4,000 ரூபாய் கையில் நிற்கும். கடன் 20 மாதம் இழுத்தால் வட்டி 24,000 ரூபாய். 8,000 ரூபாய் நஷ்டம். நல்ல டயர் சம்பாதித்ததை வட்டிக்காரர் தின்றுவிட்டார்!

ஆகவே அதிக வட்டிக்குக் கடன் வாங்கி விலை கூடிய டயர் போட வேண்டாம். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு நல்ல நடுத்தர டயர் வாங்குவது மேல். ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அது முன் சக்கரம். வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். ஓடும் லாரியில் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. நல்ல டயரை முன்னால் போடுங்கள்.

ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி டயர் இருக்க வேண்டும். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் மொட்டை என்றால் உயரம் மாறும். இரட்டை டயரில் உயரமான டயரே அதிகப் பாரத்தைச் சுமக்கும். பாவம், அது சீக்கிரம் போய்விடும். பிறகு புது டயர் மோசம் என்று நாம் கம்பெனியைத் திட்டுவோம்.

தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரெட் வேலையும் ஒரு வழி. நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஆனால் உள்ளே இருக்கும் நூல் நன்றாக இருந்தால்தான் ஒட்ட முடியும். நல்ல டயருக்கு இரண்டாவது வாழ்வு உண்டு. மட்டமான டயருக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் போட வேண்டாம்.

வண்டி நிற்கும் நேரமும் செலவுதான். வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்றால், பஞ்சருக்காக 4 மணி நேரம் நின்றால் 4,000 ரூபாய் போயிற்று. மூன்று முறை நின்றால் 12,000 ரூபாய். முதலில் பார்த்தோமே, இரண்டு டயருக்கும் உள்ள விலை வித்தியாசம்! அது இப்படியே கரைந்துவிடும்.

காற்று அடிக்கும்போது கவனம்

எந்த டயர் வாங்கினாலும் அதை ஒருவர் ரிம்மில் மாட்டிக் காற்று அடிக்க வேண்டும். உயிர் போகும் இடம் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பஞ்சர் கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் படித்தும் காட்டுங்கள்.

டியூப் போட்ட பெரிய லாரி டயர்களின் ரிம்மில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதை லாக் ரிங் என்பார்கள். டயரை ரிம்மில் பிடித்து வைப்பது அதுதான். துருப்பிடித்த வளையமோ, வளைந்த வளையமோ சரியாக உட்காராது. காற்று ஏற ஏற அழுத்தம் கூடும். திடீரென்று வளையம் தெறிக்கும். பீரங்கிக் குண்டுபோல் பறக்கும். எதிரே இருப்பவர் பிழைப்பது அரிது.

வளையம் உட்காரவில்லை என்று, காற்று இருக்கும்போதே சுத்தியலால் தட்டுகிறவர்கள் உண்டு. ஒருபோதும் தட்டாதீர்கள். காற்றை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் சரி செய்ய வேண்டும். துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வளைந்த வளையத்தைத் தூக்கிப் போடுங்கள். வேறு ரிம்மின் வளையத்தை இதற்குப் பொருத்தாதீர்கள்.

காற்று அடிக்கும்போது டயரை இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். கூண்டு இல்லாத கடையில் கனமான சங்கிலியால் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலாம். ஆனால் அது கூண்டுக்கு ஈடாகாது. நீளமான குழாய் வைத்து, முனையை வால்வில் மாட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வளையம் இருக்கும் பக்கத்துக்கு எதிரே நிற்காதீர்கள். மேலே குனிந்து பார்க்காதீர்கள். பட்டன் இருக்கும் பக்கமாக விலகி நில்லுங்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் காற்றை இறக்குங்கள். இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும் இறக்குங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும். ரப்பரிலிருந்து எரியும் வாயு கிளம்பும். காற்றை இறக்கிவிட்டு வெல்டிங் வைத்தாலும் டயர் வெடிக்கும். டயரை முழுவதும் கழற்றி எடுத்த பிறகுதான் வெல்டிங்.

எத்தனை பவுண்டு காற்று வேண்டும் என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளவு பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்துவிடாதீர்கள். ஆறிய பிறகு காற்றுப் போதாமல் போய்விடும். வால்வின் மூடி சின்னப் பொருள்தான். அது தொலைந்தால் மண் உள்ளே போகும், காற்று கசியும். பழைய டயரின் மூடி நன்றாக இருந்தால் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.